பழைய காமிக்ஸ் பெட்டியோடு காமிக் கானில் மேசை போடலாமா?

காந்தி வீதி புத்தகக்காரர் (புதுச்சேரி) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் 1991-லிருந்து பழைய புத்தகம் விற்கிறேன். தார்ப்பாய் விரித்து, ஒரு பக்கம் பாடப்புத்தகம், இன்னொரு பக்கம் மாத நாவல், நடுவில் இரண்டு தகரப் பெட்டி நிறைய காமிக்ஸ். வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தது பாடப்புத்தகம்தான். காமிக்ஸ் பெட்டி என் ஆசைக்கு வைத்தது.

எனக்குச் சரக்கு வந்ததெல்லாம் கடலூரிலிருந்து. திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் ரோடு பக்கத்துச் சந்துகளில் பழைய பேப்பர் கடைகள் இருக்கும். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் போய், எடைக்கு வந்த மூட்டைகளைக் கவிழ்த்துக் கிளறுவேன். கணக்கு நோட்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில் முத்து காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் அட்டை எட்டிப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கடைக்காரருக்குத் தெரியக் கூடாது என்று அதன் மேல் நாலு ரசாயன கைடு வைத்து மூடி, மொத்தமாக எடை போடச் சொல்வேன்.

வாங்க வருபவர்களும் தெரிந்த முகங்கள். விழுப்புரத்திலிருந்து தபால் துறையில் வேலை பார்த்த ஒருவர் பாக்கெட் டைரியோடு வருவார். அவரிடம் இல்லாத முத்து காமிக்ஸ் இதழ்களின் எண்கள் அதில் வரிசையாக இருக்கும். கிடைத்ததை அங்கேயே நின்று சிவப்பு மையில் அடிப்பார். நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து நேரே வரும் இருவர் உண்டு. பணம் கைமாறியது குறைவு, மாற்றிக்கொண்டதுதான் அதிகம். மூன்று ராணி காமிக்ஸுக்கு ஒரு முத்து என்று எங்களுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

எங்களுக்குத் திருவிழா என்றால் ஜூலையில் நடக்கும் நெய்வேலி புத்தகக் கண்காட்சி. 1998-ல் தொடங்கியதிலிருந்து நான் தவறவிட்டது இரண்டு முறைதான். உள்ளே பதிப்பாளர்களின் கடை. எங்கள் பரிமாற்றம் வெளியே டீக்கடைப் பக்கம், மரத்தடியில். துணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவோம். ஒருவர் எடுத்துக் காட்டும்போது மற்றவர் வாங்கிப் பார்க்கும் விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். ஸ்டேப்ளர் பின் இருக்கும் இடத்தில் அழுத்தாமல், முதுகை உள்ளங்கையில் தாங்கித் திறப்பவர் நம் ஆள்.

இப்போது அந்த மரத்தடியில் யாரும் இல்லை. எல்லாம் வாட்ஸ்அப் குழுவில். இரவு 9 மணிக்கு அட்டைப் படம் போடுகிறார்கள், 9.10-க்குள் விலை கேட்டு முடிந்துவிடுகிறது. நான் ரூ.40-க்கு விற்ற புத்தகம் அதே வாரம் ரூ.900-க்கு ஏலம் போனதையும் பார்த்தேன். என்னிடம் வாங்கி அதை ஏலம் விட்டவர் என் மார்க்கெட்டுக்கு இருபது வருஷமாக வருகிறவர். அதை இன்னும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2024 பிப்ரவரியில் சென்னையில் முதல் தடவையாக காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் திருவிழா நடந்தது இல்லையா? தங்கை மகன் கூட்டிக்கொண்டு போனான். நந்தம்பாக்கம் வர்த்தக மையம் முழுக்கப் பிள்ளைகள். அனிமே என்கிற ஜப்பானிய கார்ட்டூன் வேஷம், வீடியோ கேம், பொம்மை, டி-ஷர்ட். அத்தனை பேர் காமிக்ஸ் என்ற பெயருக்குக் கூடியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், உண்மையாகவே. ஆனால் இரண்டு மணி நேரம் சுற்றியும் பழைய இதழ்களை வரிசையாக அடுக்கிய ஒரு பெட்டி என் கண்ணில் படவில்லை. விரலால் புரட்டிக்கொண்டே போவோமே, அந்தப் பெட்டியைச் சொல்கிறேன்.

கையில் இப்போது 640 இதழ்கள் இருக்கின்றன. முத்து, லயன், ராணி, திகில், மினி லயன் என்று தமிழ் காமிக்ஸ் வரிசைகள் கலந்து. முழங்கால் இனி தரையில் உட்கார விடாது. ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். அவரிடம் கொடுத்துவிடலாமா, அல்லது அடுத்த காமிக் கானில் மேசை எடுத்து நானே விற்றுப் பார்க்கலாமா? பல வருஷமாகச் சேர்ப்பவர்களும் விற்பவர்களும் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் சேகரிப்பாளன் (கடலூர்) பதில்:

அண்ணே, வணக்கம். உங்களுக்கு என் முகம் ஞாபகம் இருக்கும். 1996-ல் உங்களிடம் பின் துருப்பிடித்த ஒரு மினி லயன் வாங்கினேன். "தம்பி, பின்னை நீயே பிடுங்காதே, தாள் கிழியும்" என்று சொல்லி அனுப்பினீர்கள். அது இன்னும் அதே பின்னோடு இருக்கிறது.

மேசை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். மேசை வாடகை, இரண்டு நாள் சென்னையில் தங்கல், பெட்டியைத் தூக்க ஒரு ஆள், வண்டி. இதையெல்லாம் எடுக்கவே முதல் நாள் முழுக்க விற்க வேண்டியிருக்கும். வருகிற கூட்டத்தில் தமிழ் காமிக்ஸின் பழைய எண்ணைத் தேடி வருபவர் எத்தனை பேர்?

இது நமக்கு மட்டும் வந்த நிலைமையும் இல்லை. அமெரிக்காவில் சான் டியாகோ காமிக் கான் 1970-ல் ஒரு ஓட்டலின் அடித்தளத்தில் சில நூறு பேரோடு தொடங்கியது. அப்போது பழைய இதழ் விற்பவர்களின் மேசைதான் அதன் உயிர். இப்போது ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் வருகிறார்கள். மைல் ஹை காமிக்ஸ் என்று டென்வரில் மிகப்பெரிய பழைய இதழ் வியாபாரிகள் இருக்கிறார்கள். 44 வருஷம் அங்கே கடை போட்டவர்கள், 2017-ல் கட்டுப்படி ஆகவில்லை என்று நிறுத்திக்கொண்டார்கள். சினிமா கம்பெனிகள் வந்தன. அங்கே மட்டுமே கிடைக்கும் பொம்மை என்று கம்பெனிகளே நேரடியாக விற்க ஆரம்பித்தன. ஜனம் கையில் இருக்கும் பணத்தோடு அந்த வரிசையில் போய் நின்றுவிடுகிறது. பழைய பெட்டியைப் புரட்ட நேரமும் மிஞ்சுவதில்லை, காசும் மிஞ்சுவதில்லை. அவர்களே விட்ட இடத்தில் நாம் எப்படி நிற்பது?

அங்கே இன்னொன்றும் நடந்தது. 2000-ல் சி.ஜி.சி. என்ற நிறுவனம் இதழுக்குத் தர மதிப்பெண் போட ஆரம்பித்தது. பத்துக்கு இத்தனை என்று எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடிவிடுவார்கள். முகம் தெரியாதவரிடம் வாங்குபவருக்கு அது ஒரு நம்பிக்கை, மறுக்கவில்லை. ஆனால் மூடியதைத் திறந்தால் அந்த எண் போச்சு. அதனால் யாரும் திறந்து படிப்பதில்லை. நமக்கு அது வராமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். உள்ளே மாயாவி மின்சாரத்தைத் தொட்டு மறைகிற பக்கத்தைப் பார்க்க முடியாமல் அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதற்கா சேர்த்தோம்?

மொத்தமாகக் கொடுப்பதற்கு முன்னால் தரம் பிரித்துவிடுங்கள், அண்ணே. உங்களுக்குத் தெரியாததில்லை, படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். அட்டை இருக்கிறதா, நடுப்பக்கம் கழன்றிருக்கிறதா, கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறதா, வாடகை நூல் நிலைய ரப்பர் முத்திரை எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பைண்ட் செய்தவற்றைத் தனியாக வையுங்கள். பைண்டர் மூன்று பக்கமும் ஓரம் வெட்டியிருப்பார், சில சமயம் பேச்சு பலூனில் இருக்கும் எழுத்தும் சேர்ந்து போயிருக்கும். அப்புறம், இப்போது கலர் ஜெராக்ஸ் அட்டை போட்டு, முழு இதழ் என்று விற்கிறார்கள். நானே ஒன்றில் ஏமாந்தேன். பழைய அட்டையின் உள்பக்கத்தில் பின்னைச் சுற்றித் துரு ஊறிய தடம் இருக்கும். அட்டையில் தடம் இல்லாமல் உள்தாளில் மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

நான் ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயலில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் பறந்தது. பரணில் இருந்த இருநூறு இதழ்கள் நனைந்தன. சாணித்தாளில் அச்சடித்த உள்பக்கங்கள் மின்விசிறிக் காற்றில் காய்ந்து பிழைத்துக்கொண்டன. வழவழப்பான அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிட்டன. பிரிக்கப் பிரிக்க வண்ணம் கையோடு வந்தது. ஊரில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம், வெளியூரில் ஒரு நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய வைத்தேன். அடுத்த மாதமே, 2012 ஜனவரியில், லயன் கம்பேக் ஸ்பெஷல் ஆர்ட் பேப்பரில் வண்ணப் பக்கங்களோடு வந்தது. அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் கரையில் உப்புக்காற்று உண்டு, புயலும் வருஷா வருஷம் உண்டு. 640 இதழ்கள் தகரப் பெட்டியில் இருப்பதே எனக்குக் கவலையாக இருக்கிறது.

சொல்தா வீட்டுப் பிள்ளை (பாரிஸ் பக்கம்) பதில்:

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வளர்ந்தவன். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், எங்கள் ஊரில் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்பார்கள். அதனால் வீட்டில் டின்டின் காமிக்ஸ் பிரெஞ்சிலும் இருக்கும், முத்து காமிக்ஸ் தமிழிலும் இருக்கும். 1989-ல் இங்கே வந்தேன்.

அங்குலேம் என்று பிரான்ஸின் தென்மேற்கில் ஒரு சின்ன ஊர். 1974-லிருந்து ஜனவரிக் குளிரில் அங்கே காமிக்ஸ் விழா நடத்தி வந்திருக்கிறார்கள். ஊரே விழாவாகிவிடும். தெருப் பெயர்ப் பலகைகள்கூடப் பேச்சு பலூன் வடிவத்தில்தான் இருக்கும். நான் ஆறு தடவை போயிருக்கிறேன்.

அங்கேயும் மாறித்தான் போயிற்று, ஆனால் மாறிய விதம் வேறு. இங்கே பழைய காமிக்ஸ் ஆல்பம் விற்பவர்கள் ஒழிந்துவிடவில்லை. ஏனென்றால் இங்கே காமிக்ஸ் கெட்டி அட்டை போட்ட புத்தகமாக வருகிறது, முதல் பதிப்பைத் தேடுவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. டின்டின் ஆல்பத்தின் பின் அட்டையில் அதுவரை வந்த தலைப்புகளின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல் எந்தக் கதையோடு நிற்கிறது என்று பார்த்தே எந்த வருஷத்து அச்சு என்று சொல்லிவிடுவார்கள். நம் இதழ்களுக்கும் இப்படிச் செய்யலாம். அடுத்த வெளியீடு விளம்பரம், வாசகர் கடிதம், சந்தா விவரம், இவற்றை வைத்து மறுபதிப்பா முதல் பதிப்பா என்று ஒரு அட்டவணை போட முடியும். புத்தகக்காரர் ஐயா தலைக்குள் அந்த அட்டவணை கட்டாயம் இருக்கும். புத்தகத்தை விற்பதற்கு முன் அதை எழுதிவைத்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

எனக்கு வருத்தம் தந்த மாற்றம் ஒன்றைச் சொல்கிறேன். ஓவியர் கையெழுத்துப் போடும்போது ஆல்பத்தின் முதல் தாளில் நமக்காக ஒரு படம் வரைந்து கொடுப்பார். காசு வாங்குவதில்லை. 1994-ல் எனக்கு ஒரு முதியவர் பேனாவால் குதிரை வரைந்து, அடியில் என் பெயரை எப்படி எழுதுவது என்று மூன்று முறை கேட்டார். பிறகு சிலர் வரிசையில் நின்று வாங்கிய படத்தை அடுத்த வாரமே இணையத்தில் விற்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துப் பல ஓவியர்கள் மனம் நொந்து போனார்கள். வாங்குபவர் பெயரைக் கட்டாயம் எழுதித்தான் கொடுப்பது, சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் ஆளைச் சேர்ப்பது என்றெல்லாம் வந்துவிட்டது. ஐயா சொன்ன ரூ.40, ரூ.900 விஷயத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

மொத்த வியாபாரிக்குக் கொடுக்காதீர்கள் ஐயா. அவர் நல்ல முப்பதை எடுத்துக்கொண்டு மீதியை எடைக்குப் போட்டுவிட்டால் தடுக்க முடியாது.

இரும்புக்கை (கடலூர்) பதில்:

வணக்கம் ஐயா. நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், புதுப்பாளையம். பெரியவர்கள் பேசும் இடத்தில் நானும் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எனக்குக் காமிக்ஸ் வந்தது அனிமே வழியாக. அதிலிருந்து மங்கா என்கிற ஜப்பானிய காமிக்ஸ், அதிலிருந்து படம் வரைவது. போன வருஷம் சென்னை காமிக் கானுக்குத் தோழிகளோடு போனோம். என்ன வேஷம் போடலாம் என்று வீட்டில் பேசியபோது, அப்பா பீரோவிலிருந்து அட்டை இல்லாத ஒரு முத்து காமிக்ஸை எடுத்துக் காட்டினார். வலது கை மட்டும் இரும்பு, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். எனக்குப் பிடித்துப் போயிற்று. பழைய வெல்டிங் கையுறையில் அலுமினியத் தாள் ஒட்டி, மூட்டுக்கு மூட்டு பாட்டில் மூடி வைத்துத் தைத்தேன். நான்கு இரவு ஆனது.

அங்கே என் வயதுக்காரர்கள் யாருக்கும் அது யாரென்று தெரியவில்லை. "எந்தப் படத்தில் வரும்?" என்று கேட்டார்கள். மத்தியானம் பேரனோடு வந்த ஒரு பெரியவர் தூரத்திலிருந்தே பார்த்து, வேகமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு "மாயாவி!" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்குப் பேச்சே வரவில்லை. பேரனுக்கு அங்கேயே நின்று கதை முழுக்கச் சொன்னார். சுற்றி ஒரு இருபது பேர் நின்று கேட்டார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் உங்கள் பெட்டி இருந்திருந்தால் பத்து இதழாவது விற்றிருக்கும் ஐயா, உறுதியாகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய புத்தகக் கடையில் ஒரு பெண் உட்கார்ந்து நிதானமாகப் பெட்டியைப் புரட்டுவது எங்களுக்கு இன்னும் சுலபம் கிடையாது. கடலூரில் ஒரு கடையில் நான் லயன் கேட்டபோது, "தம்பிக்காம்மா?" என்றார்கள். எனக்குத்தான் என்றதும் ஒரு மாதிரி பார்த்தார்கள். காமிக் கானில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. பழைய மரத்தடியில் என்னைப் போன்றவர்கள் இருந்தார்களா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து அடுத்த தடவை ஓவியர்கள் பகுதியில் மேசைக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். நாங்கள் வரைந்த சின்னப் புத்தகங்கள் விற்க. அனுமதி கிடைத்து, விதியும் இடம் கொடுத்தால், உங்கள் பெட்டி ஒன்றை எங்கள் மேசைக்குப் பக்கத்தில் வைக்கலாம். நாற்காலி இருக்கும். முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை.

காந்தி வீதி புத்தகக்காரர் (புதுச்சேரி) பதில்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மஞ்சக்குப்பம் தம்பி, அந்த மினி லயன் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்கள் கணக்கு சரி. தனியாக மேசை எடுக்கும் யோசனையை விட்டுவிட்டேன். மொத்த வியாபாரியிடமும் நேற்று இல்லையென்று சொல்லியாகிவிட்டது. பெஞ்சல் புயல் வந்தபோது பெட்டிகளைக் கட்டில் மேல் ஏற்றி வைத்துவிட்டு நாங்கள் தரையில் தண்ணீர் இறைத்தோம். அதனால் நீங்கள் சொன்ன கவலை எனக்கும் உண்டு. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி நாலு வாங்கி, அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மாற்ற ஆரம்பித்துவிட்டேன். இதுவரை ராணி மட்டும் முடிந்தது.

பாரிஸ் தம்பி, அட்டவணை எழுதுகிறேன். 192 பக்கக் கணக்கு நோட்டு ஒன்று வாங்கியாயிற்று. 1972-ல் முத்து தொடங்கியதிலிருந்து எனக்குக் கண்ணால் பார்த்துத் தெரிந்தது மட்டும் எழுதுவேன். விளம்பரப் பக்கத்தை வைத்துப் பிரிப்பதில் எனக்குச் சில அடையாளங்கள் தெரியும், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வியாபார ரகசியம் என்று வைத்திருந்தேன். இனி எதற்கு?

இரும்புக்கைப் பாப்பா, நீ கேட்டதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். நெய்வேலி மரத்தடிக்கு ஒரே ஒரு அம்மா வருவார். பண்ருட்டிப் பக்கம் பள்ளியில் டீச்சர். மாடஸ்டி என்ற சாகசப் பெண்ணின் கதைகள் மட்டும் சேர்ப்பார். எங்களோடு நிற்க மாட்டார். கணவரை அனுப்பி, தான் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என் பட்டியலைக் கணவர் கொண்டுபோய்க் காட்டித் திரும்பி வருவார். ஒரு தடவைகூட "நீங்களே வந்து பெட்டியைப் பாருங்கம்மா" என்று நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. நீ எழுதியதைப் படித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் கழித்து மனசு கஷ்டமாக இருக்கிறது.

உன் மேசைக்குப் பக்கத்தில் பெட்டி வைக்க எனக்குச் சம்மதம். விற்ற பணத்தில் உங்கள் மேசை வாடகைக்கு என் பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். விலையைப் புத்தகத்தின் மேல் ஒட்டக் கூடாது, பசை அட்டையைத் தின்றுவிடும். பென்சிலால் சின்னத் தாளில் எழுதி உறைக்குள் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ரூ.50-க்கு ஒரு வரிசை தனியாக வைப்பேன், அட்டை சுமாராக இருந்தாலும் கதை முழுசாக இருக்கும். அனுமதி கிடைக்காவிட்டால் ஜூலையில் நெய்வேலிக்கு வாருங்கள். மஞ்சக்குப்பம் தம்பியும் வரட்டும்.

அப்பாவிடம் இருக்கும் அந்த அட்டை இல்லாத மாயாவியில் முதல் பக்கமும் கடைசி விளம்பரமும் எப்படி இருக்கிறது என்று போட்டோ எடுத்து இங்கே போடு. என்னிடம் உள்பக்கம் பூச்சி அரித்து, அட்டை மட்டும் நல்லபடியாக நிற்கும் மாயாவி இரண்டு இருக்கின்றன. அதில் ஒன்று உன் இதழுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிடலாம்.